சங்கிலிக்கு ஐயாயிரம் ரூபாய் எண்ணெய்

எங்கள் தெருமுனை சைக்கிள் மெக்கானிக் அண்ணன் தன் கடைச் சுவரில் நீளமான ஆணி ஒன்று அடித்து வைத்திருக்கிறார். கழற்றிய பழைய செயினை அதில் மாட்டுவார். பக்கத்திலேயே புதுச் செயினையும் தொங்கவிடுவார். இரண்டுக்கும் கண்ணிகள் 114தான். ஆனாலும் பழையதன் நுனி, புதியதன் நுனியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். "பார்த்தீங்களா சார், செயின் இழுத்துருச்சு" என்பார். போன ஆடி மாதம் அந்த ஆணியில் தொங்கியது என் செயின். புதுசுக்கு 3,000 ரூபாய் ஆனது. பழைய செயின் தேய்த்துத் தின்றுவிட்ட பின்பல்சக்கரத் தொகுதிக்கு, அதாவது கேசட்டுக்கு, இன்னொரு 6,000.

அதே வாரம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். லண்டனிலிருந்து அவர் தம்பி வருகிறார், அங்கே 50 மில்லி 50 பவுண்டு விலையில் ஒரு செயின் எண்ணெய் கிடைக்கிறது, வாங்கிவரச் சொல்லலாமா? நம் காசில் ஐயாயிரத்துக்கும் மேல். நான் உடனே பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக விதவிதமான புட்டிகளுக்குக் காசு கொடுத்தவன் நான். ஆனால் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு முறைகூட உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை. நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆணியில் தொங்கிய அந்த ஒரு சென்டிமீட்டரை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் பற்றிய வாதம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. செயின் ரப்பரைப் போல இழுபடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880இல் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் வழிவந்ததுதான் இன்றைய சைக்கிள் செயினும். ஒரு மூட்டுக்கும் அடுத்த மூட்டுக்கும் நடுவே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின். பின்னைச் சுற்றி உள்தகட்டின் கழுத்து. கழுத்தைச் சுற்றி உருளை. நம் கண்ணில் படுவது உருளை. தேய்வதோ உள்ளே, பின்னும் கழுத்தும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில். அங்கே மூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும். 114 மூட்டுகளிலும் சேர்ந்து அது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அரை அங்குலக் கணக்கு தப்பிய செயின், பல்சக்கரத்தின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் பல்லின் தோளில் ஏறி அதையும் தேய்க்கும். என் கேசட் போனது அப்படித்தான்.

அந்த மூட்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் 50 பல், நிமிடத்துக்கு 80 மிதி என்றால், நிமிடத்துக்கு 4,000 கண்ணிகள் முன்பல்சக்கரத்தைக் கடக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு கண்ணியும் நிமிடத்துக்கு 35 முறை முழுச் சுற்று வருகிறது. கியர் சைக்கிளில் ஒரு சுற்றுக்குள் முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம், கியர் மாற்றும் கருவியின் இரண்டு குட்டிச் சக்கரங்கள் என நான்கு இடங்களில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. எட்டு மடிப்பு. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மூட்டும் ஏறத்தாழ 17,000 முறை மடங்குகிறது. எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த மடிப்புக்குள். உருளைக்கு வெளியே பளபளக்கும் எண்ணெயால் ஒரு பயனும் இல்லை. அது புழுதியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும், அவ்வளவே.

இப்போது புட்டிகளிடம் வருவோம். விலை உயர்ந்த புட்டி எதை எடுத்தாலும் முதலில் பேசுவது வேகத்தைத்தான்.

வேகம் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு 1999இல் வெளியிட்ட முடிவுகள் பலரை வியக்க வைத்தன. மிதிக்கும் ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை சைக்கிள் செயின் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதைவிட வியப்பு, சுத்தமான ஆய்வகத்தில் எந்த எண்ணெய் போட்டாலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை என்பது. செயினின் இழுவிசையும் பல்சக்கரத்தின் அளவும்தான் முடிவை மாற்றின. பெரிய பல்சக்கரம் என்றால் இழப்பு குறைவு. அப்படியானால் எண்ணெய் எதற்கு? மூட்டுக்குள் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பதே அதன் வேலையாக இருக்கக்கூடும் என்று ஸ்பைசர் கருதினார். செயின் எண்ணெய் பற்றி இதுவரை நான் கேட்ட பேச்சுகளிலேயே மிகச் சரியானது இதுதான். புட்டி விற்பவர்கள் யாரும் இதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

ஸ்பைசருக்குப் பின், ஜேசன் ஸ்மித் என்பவர் ஃபிரிக்‌ஷன் ஃபேக்ட்ஸ் என்ற பெயரில் இன்னும் நுண்ணிய கருவிகளோடு எண்ணெய்களை வரிசையாகச் சோதித்தார். 250 வாட் ஆற்றலில் மிதிக்கும்போது நல்லவை ஏறத்தாழ 5 வாட்டை விழுங்கின. மோசமானவை 8 வாட்டுக்கும் மேல். முதல் வரிசையில் நின்றவற்றில் ஒன்று உருக்கிய சாதாரணப் பாரஃபின் மெழுகு, நம்மூரில் மெழுகுவத்தி செய்ய வாங்கும் அதே மெழுகு. இந்த முடிவு ஸ்பைசருடையதை மறுப்பதில்லை. முந்தைய கருவி பிடிக்க முடியாத சின்ன வித்தியாசத்தைப் பிந்தைய கருவி பிடித்தது. வித்தியாசம் உண்மை, அதன் அளவும் சின்னதுதான்.

எவ்வளவு சின்னது? 250 வாட்டில் 3 வாட் மிச்சம் என்றால் 1.2 விழுக்காடு. சமதரையில் காற்றை எதிர்க்கும்போது ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது. எனவே வேகத்தில் கிடைப்பது 0.4 விழுக்காடுதான். ஒரு மணி நேரம் தனியாக ஓட்டும் கடிகாரப் பந்தயத்தில் 14 விநாடி. பந்தய வீரருக்கு அது பெரிய காரியம். ஐந்தாம் இடத்துக்கும் மேடைக்கும் நடுவே அவ்வளவுதான் இருக்கும். ஆனால் காலையில் அலுவலகத்துக்கு 10 கிலோமீட்டர் போகிறவர் 100 வாட்டுக்கு மேல் மிதிப்பது அரிது. செயினின் இழப்பும் இழுவிசையோடு சேர்ந்தே குறைந்துவிடும். அரை மணிப் பயணத்தில் அவருக்கு மிஞ்சுவது பத்து விநாடிக்கும் குறைவு. டயர் மாற்றினால், சரியான அளவு காற்று அடித்தால், முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக் குனிந்து ஓட்டினால் இதைப்போல் சில மடங்கு கிடைக்கும். வேகத்துக்காக மட்டும் விலை உயர்ந்த எண்ணெய் வாங்கலாமா என்று கேட்டால், கடிகாரத்தோடு போட்டியிடுபவரைத் தவிர மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். போட்டியிடுபவருக்கும் மலிவான மெழுகே அதைக் கொடுத்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அழுக்கு விஷயம் வேறு. அங்கேதான் காசு போகிறது.

முட்டுக்காடு பாலத்தைத் தாண்டிக் கோவளம், மாமல்லபுரம் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து சாலையோரத்தில் மெல்லிய பாயாக விரித்திருக்கும். முன்னால் போகும் சக்கரம் அதைக் கிளப்பும். பின்னால் வருகிறவர் செயின் அதை வாங்கிக்கொள்ளும். திரும்பி வந்ததும் கீழ்ச்செயினைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்து ஒரு சுற்று பின்னோக்கி மிதித்துப் பாருங்கள். விரல் கறுத்துவிடும். கறுப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கும். என்ஜின் வேலை செய்கிறவர்கள் வால்வையும் அதன் இருக்கையையும் பொருந்தத் தேய்க்க ஒரு கிரைண்டிங் பேஸ்ட் வைத்திருப்பார்கள். எண்ணெயும் பொடியும் கலந்த குழம்பு அது. நம் விரலில் இருப்பதும் ஏறத்தாழ அதேதான். மணிக்கு 17,000 மடிப்பு, ஒவ்வொரு மடிப்பிலும் இந்தக் குழம்பு. இரும்பு தேயாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் மலிவான எண்ணெய்கள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. பைக்குக்குப் போடும் 90 ஆயிலைச் சைக்கிளுக்கும் ஊற்றுகிற வழக்கம் நம்மூரில் பரவலாக உண்டு. பைக் செயினுக்கு அது பொருந்தும். இன்றைய பைக் செயின் பலவற்றில் மூட்டுக்குள்ளேயே கிரீஸை அடைத்து ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். வெளியே ஊற்றும் 90 ஆயில் துருவையும் உருளையையும் பார்த்துக்கொண்டால் போதும். சைக்கிள் செயினில் அந்த வளையம் கிடையாது. பிசுபிசுப்பான எண்ணெய் உள்ளே முழுதாக நுழையாமல் வெளியே நின்று மணலைச் சேர்க்கும். பிறகு அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் கொண்டுபோகும். பழைய என்ஜின் ஆயில் இன்னும் மோசம். அதில் தேய்ந்த இரும்புத்தூள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. டபிள்யூ.டி. 40 துருப்பிடித்த போல்ட்டை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்ல மருந்து. 1953இல் ஈரத்தை விரட்டத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். செயினில் அடித்தால் உள்ளே இருந்த எண்ணெயையும் கழுவிவிட்டு, மெல்லிய படலத்தை மட்டும் விட்டுச் செல்லும்.

தையல் மெஷின் எண்ணெய்க்கு மட்டும் நான் நல்ல சொல் சொல்வேன். என் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஓவராயில். பிறகு மாதம் ஒரு முறை அம்மாவின் தையல் மெஷினிலிருந்து எடுத்த எண்ணெய் புட்டியால் செயின் பாக்ஸின் சின்ன மூடியைத் திறந்து பத்துப் பதினைந்து சொட்டு. அவ்வளவுதான் அதற்கு வாழ்நாள் முழுவதும் நடந்த உபசாரம். செயின் பல்லாண்டு தாங்கியது. தகரப் பெட்டிக்குள் ஓடும் ஒற்றைப் பல்சக்கரச் செயினுக்கு மணல் படாது, குறுக்கே வளைய வேண்டியதில்லை, வேகமும் குறைவு. அப்பாவின் வண்டியைப் போலச் செயின் மூடியோடு வருகிற எந்தச் சைக்கிளுக்கும் தீர்ப்பு இங்கேயே முடிந்துவிட்டது: தையல் மெஷின் எண்ணெய் போதும். மெல்லியதாக இருப்பதால் மூட்டுக்குள் நன்றாக நுழையும். திறந்த செயினுள்ள கியர் சைக்கிளுக்குத்தான் அது பற்றாது. சீக்கிரம் வடிந்தும் சிதறியும் போய்விடும்.

கியர் சைக்கிளுக்கு எந்த எண்ணெய் அழுக்கை எவ்வளவு தடுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் இல்லாததால், புட்டியில் எழுதியிருப்பதை ஒன்றோடொன்று ஒப்பிட வழியில்லை. ஒருவர் சுத்தமான செயினில் அளப்பார், இன்னொருவர் தனக்கு வசதியான வேகத்தில் அளப்பார். இந்தக் குழப்பத்தில் பெரிய உதவி ஆஸ்திரேலியாவின் ஆடம் கெரின் நடத்தும் ஜீரோ ஃபிரிக்‌ஷன் சைக்கிளிங். ஒரே வகைச் செயின், ஒரே அளவு இழுவிசை. ஆயிரம் கிலோமீட்டர் சுத்தமாக, ஆயிரம் கிலோமீட்டர் புழுதி தூவி, மறுபடி சுத்தமாக, பிறகு ஈரமும் சேறும் சேர்த்து என்று பல கட்டங்களாக ஓட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் செயின் எவ்வளவு தேய்ந்தது என்று அளக்கிறார். வாட் கணக்கு அவருடைய முதல் அக்கறை இல்லை, தேய்மானம்தான். நம் கேள்விக்கு அதுவே சரியான அளவு. அவரது முடிவுகளில் நல்லதற்கும் மோசமானதற்கும் இருக்கும் இடைவெளி விழுக்காடாக இல்லை, மடங்குகளாக இருக்கிறது. உச்சியில் நிற்பவற்றில் பெரும்பகுதி உருக்கிப் போடும் மெழுகு வகை. பெயர்பெற்ற, விலை உயர்ந்த பல திரவ எண்ணெய்கள் கீழே கிடக்கின்றன. விலைக்கும் வரிசைக்கும் நேரான தொடர்பு அங்கே தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கெரின் தன் சோதனையில் வென்ற பொருட்களைத் தன் கடையில் விற்கிறார். அதை அவர் மறைக்கவில்லை என்றாலும், படிக்கிறவர் அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். ஸ்மித்தின் ஃபிரிக்‌ஷன் ஃபேக்ட்ஸையும் 2016இல் டென்மார்க்கின் செராமிக்ஸ்பீட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்த நிறுவனமும் செயின் எண்ணெய் விற்கிறது. இப்படிப்பட்ட நிலையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முடிவு, அதைச் சொல்பவரின் லாபத்துக்கு எதிராகப் போகும் இடம் உண்டா? மலிவான பாரஃபின் நன்றாக வேலை செய்கிறது என்று ஸ்மித்தின் சோதனையில் வந்ததை நான் நம்புவது அதனால்தான். கிலோ கணக்கில் கிடைக்கும் மெழுகை விற்று யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

இனி ரூபாய்க் கணக்கு. என் சைக்கிள் 11 ஸ்பீடு. செயின் 3,000, கேசட் 6,000. நேரத்தோடு செயினை மாற்றிவந்தால் ஒரு கேசட் மூன்று செயின்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். என்னைப் போல மணல் சாலையில் சாதாரண எண்ணெய் போட்டு ஓட்டினால் செயின் 3,000 கிலோமீட்டரில் முடிகிறது. மூன்று செயினும் ஒரு கேசட்டும் 15,000 ரூபாய். ஓடியது 9,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 67 பைசா. நல்ல எண்ணெய் செயினின் ஆயுளை இரட்டிப்பாக்கினால் அது 83 பைசாவாக இறங்கும். மிச்சம் 84 பைசா. எண்ணெய்க்கு இதற்குள் செலவழித்தால் லாபம், மீறினால் நட்டம்.

எண்ணெய்ச் செலவு எவ்வளவு? உருளைக்கு ஒரு சொட்டு, 114 சொட்டு. மில்லிக்கு இருபது சொட்டு என்றால் ஒரு தடவைக்கு ஆறு மில்லிக்குச் சற்றுக் குறைவு. 100 மில்லி புட்டி 17 தடவை வரும். தடவைக்கு 250 கிலோமீட்டர் என்றால் 4,250 கிலோமீட்டர். 80 ரூபாய் எண்ணெய் என்றால் கிலோமீட்டருக்கு 2 பைசா. 1,500 ரூபாய் இறக்குமதிப் புட்டி என்றால் 35 பைசா. 33 பைசா கூடுதல் கொடுத்து 84 பைசா மிச்சம் பிடிப்பது நல்ல வியாபாரம். ஆயுளை உண்மையிலேயே இரட்டிப்பாக்கும் புட்டியாக இருந்தால், அந்த 1,500 ரூபாயை நான் தயங்காமல் கொடுப்பேன்.

நண்பர் கேட்ட 50 மில்லி புட்டியோ எட்டு ஒன்பது தடவைதான் வரும். ஒரு தடவை போட்டால் 500 கிலோமீட்டர் தாங்கும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 4,500 கிலோமீட்டருக்கு மேல் போகாது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசாவைத் தாண்டுகிறது. செயினும் கேசட்டும் தேயவே தேயாது என்று யாராவது சத்தியம் செய்தாலும் அதில் மிஞ்சுவது ஒரு ரூபாய் 67 பைசாதான். ஆயுள் இரட்டிப்பானால் 84 பைசா மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய்க்கு மேல் செலவாகிறது. ஆயுள் மூன்று மடங்கானால் கணக்கு ஏறத்தாழ சமன். அப்போதும் லாபம் என்று சொல்ல எதுவும் கையில் நிற்காது. கிராஃபீன் கலந்த எண்ணெய் ஒன்று 140 மில்லி 150 டாலரை ஒட்டிய விலைக்குச் சந்தைக்கு வந்தது. ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்கினால்தான் அந்த விலை கட்டும். ஆய்வகத்தில் தாங்கலாம். கோவளத்து மணலில் அவ்வளவு தூரம் செயினைத் துடைக்காமலும் கழுவாமலும் ஓட்டினால் எந்த எண்ணெய் போட்டும் பயனில்லை.

7 ஸ்பீடு சைக்கிளுக்கு இதே கணக்கைப் போட்டால் படம் தலைகீழாகிறது. அங்கே செயின் 600 ரூபாய், கேசட்டின் இடத்தில் இருக்கும் பிரீவீலும் அதை ஒட்டித்தான். அகலமான செயின், தடித்த தகடு, 4,000 கிலோமீட்டர் தாங்கும் என்று கொண்டால் செயினுக்கு 15 பைசா, பிரீவீலுக்கு இன்னும் ஐந்து. ஆயுளை இரட்டிப்பாக்கினாலும் மிச்சம் பத்துப் பைசா. அதற்காக 33 பைசா கூடுதல் கொடுப்பது யாருக்கும் கட்டாது. அவர்களுக்கு விலை உயர்ந்த புட்டியை நீட்டும் கடைக்காரர் செய்வது சரியல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். முதன்முறையாகச் சேமித்து ஒரு கியர் சைக்கிள் வாங்கும் பிள்ளையிடம், அந்தச் சைக்கிளின் செயினைவிட இரண்டு மடங்கு விலையுள்ள எண்ணெயை "இது இல்லேன்னா வண்டி போயிரும் தம்பி" என்று விற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெழுகுக் கணக்கை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அரைக் கிலோ பாரஃபின் 150 ரூபாய்க்குள். பதினைந்து முறை முக்கி எடுக்கலாம். பிறகு அடியில் கறுப்பு சேர்ந்ததும் மாற்றிவிடலாம். முறைக்கு 300 கிலோமீட்டர் என்றாலும் கிலோமீட்டருக்கு நாலு பைசாவைத் தாண்டாது. தையல் மெஷின் எண்ணெய் விலைக்கு, ஐயாயிரம் ரூபாய்ப் புட்டியோடு நிற்கும் வேலை.

செய்து பார்த்தால்தான் புரியும். புதுச் செயினில் ஆலையிலேயே கிரீஸ் போட்டு அனுப்புவார்கள். அது முழுவதும் போகவேண்டும், இல்லையென்றால் மெழுகு பிடிக்காது. பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் செயினை ஊறப்போட்டு, குலுக்கி, ஊற்றி, மறுபடி புதிதாக ஊற்றி, மூன்று தடவை. கடைசியில் திரவம் கலங்காமல் தெளிவாக நிற்கவேண்டும். அழுக்குத் திரவத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும். மேல்தெளிவை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். செயினை நன்றாகக் காயவைத்தபின் மெழுகை உருக்கவேண்டும். நெருப்பில் நேராக வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை வைக்கவேண்டும். மெழுகு 60 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். தண்ணீர்ச் சூடு தாராளம். செயினை ஒரு கம்பியில் கோத்து இறக்கினால் முதல் சில நிமிடங்கள் மூட்டுகளிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழ்கள் வரிசையாக மேலே வரும். உள்ளே இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் மெழுகு புகுகிறது. ஸ்பைசர் ஊகித்தாரே, இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை, கண்ணெதிரே நடப்பது அதுதான். குமிழ் நின்றபின், மெழுகு ஆறத் தொடங்கும்போது எடுத்துத் தொங்கவிட்டால் பத்து நிமிடத்தில் செயின் குச்சிபோல விறைத்துவிடும். ஒரு கம்பியின்மேல் ஒவ்வொரு மூட்டாக மடக்கினால் "டக் டக்" என்று விடுபடும். பிறகு கையில் எடுத்தால் விரலில் கறை ஒட்டாது. பள்ளிச் சட்டையோடு ஒரு குழந்தை தொட்டாலும் பயமில்லை. மணல் அதன்மேல் உட்கார இடமில்லாமல் உதிர்ந்துவிடும்.

மெழுகின் குறைகளையும் மறைக்கக் கூடாது. செயினைக் கழற்றி மாட்ட இணைப்புக் கண்ணி வேண்டும். ஷிமானோ தன் 11, 12 ஸ்பீடு இணைப்புக் கண்ணியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது, கே.எம்.சி. மறுபடி பயன்படுத்தும் வகைகளும் செய்கிறது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவேண்டும். முதல் நாள் வேலைக்கு அரை நாள் போகும். பிறகு 300 கிலோமீட்டருக்கு ஒரு முறை அரை மணி. நேரமே இல்லாதவருக்கு அந்த அரை மணிக்கும் விலை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மழை. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து வந்த மெழுகுச் செயினை அப்படியே விட்டால் மறுநாள் காலை ஆரஞ்சு நிறத் துரு பூத்திருக்கும். மிதித்தால் குருவிக் குஞ்சுபோலக் கீச்கீச்சென்று கத்தும். நனைந்த அன்றே துடைத்துக் காயவைத்து மறுபடி முக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது ஆகாது.

கழற்ற விருப்பமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்குவர்ட் போன்ற மெழுகுத் திரவங்கள். தண்ணீரில் கலந்த மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுவதும் காயவிட்டு ஓட்டவேண்டும். விலை நான் கணக்கிட்ட 1,500க்கு அருகில். 10 ஸ்பீடுக்கு மேற்பட்ட சைக்கிளில் மாதம் 500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இந்த வகை விலைக்குத் தகும். ஆனால் முதல் நாள் ஆலைக் கிரீஸைக் கழுவி எடுத்திருந்தால்தான். அதைச் செய்யாமல் மேலே ஊற்றினால் 1,500 ரூபாயும் வீண்.

புட்டிகளில் அச்சிட்டிருக்கும் நானோ, செராமிக் என்ற சொற்களை நான் எடையில் சேர்க்கவில்லை. மாலிப்டினம் டைசல்பைடு, டங்ஸ்டன் டைசல்பைடு போன்றவை உராய்வைக் குறைக்கும் உண்மையான திடப்பொருட்கள். தொழிற்சாலைகளில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. ஆனால் புட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது, அது பின்னுக்கும் கழுத்துக்கும் நடுவே போய்ச் சேர்கிறதா என்பதை லேபிள் சொல்வதில்லை. தேய்மானச் சோதனையில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். உள்ளே என்ன இருந்தால் என்ன. டெஃப்லான் கலந்தது என்று எழுதியிருந்தால் மட்டும் நான் வைத்துவிட்டு வருவேன். அது சிதையாமல் மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கிவிடும் ஃபுளோரின் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. செயினிலிருந்து உதிர்வதெல்லாம் சாலைக்கும் கடலுக்கும்தான் போகிறது.

நண்பருக்கு என் பதில் இது. தம்பியிடம் அந்தப் புட்டியைச் சொல்லவேண்டாம். அவர் ஓட்டுவது 12 ஸ்பீடு, மாதம் 600 கிலோமீட்டர், பெரும்பாலும் கடற்கரைச் சாலை. தை முதல் புரட்டாசி வரை பாரஃபின். ஐப்பசி தொடங்கியதும் மெழுகை நிறுத்திவிட்டு, ஈரத்தில் நிற்கும் நல்ல சிந்தெடிக் எண்ணெய் ஒன்றை 1,500 ரூபாய்க்குள் வாங்கி, ஒவ்வொரு மழைப் பயணத்துக்குப் பின்னும் பனியன் துணியால் வெளிப்பக்கம் முழுவதும் வறட்டத் துடைத்துவிட்டுப் போடவேண்டும். ஐயாயிரத்தில் மிச்சமாகும் பணத்தில் முன்னூறு ரூபாய்க்குச் செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோல். அதுவும் வேண்டாமென்றால் ஓர் இரும்பு ஸ்கேல்: பன்னிரண்டு அங்குலத்தில் இருக்கவேண்டிய பின், அதைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விட்டால் அன்றே செயினை மாற்றிவிடவேண்டும். கேசட் தப்பிக்கும்.

அவர் போன வாரம் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். பதினாறில் ஒரு பங்கை ஏற்கெனவே தாண்டியிருந்தது. புதுச் செயினை மெக்கானிக் அண்ணன் கடையில் மாட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டுவதற்கு முன் அதை டர்பன்டைனில் ஊறப்போட ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.